திருகோணமலையில் வீட்டுக்குப் பீலி போடுவது: வாட்டம், செலவு, காலம்

வீட்டுக்கு, கூரை விளிம்பில் மழைத் தண்ணீரை ஏந்தும் பீலி போடப் போகிறீர்கள் என்றால் ஹார்ட்வெயார் கடைக்குப் போவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை போட்டுக் கழற்றி மறுபடி போட்டோம். அந்தக் காசும் அலைச்சலும் உங்களுக்கு வர வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். முதல் வந்தவர் வலன்ஸ் பலகையின் (கூரை விளிம்பில் அடிக்கும் பலகை) விளிம்போடு ஒட்டி, பார்க்க அழகாகப் போட்டுத் தந்தார். மாரி தொடங்கியதும் நடுவில் தண்ணீர் கட்டி நின்றது. மழை கனத்தால் வாசற்படியில் கொட்டியது. பொருளில் குறையில்லை, வாட்டம்தான், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவுதான் இல்லை. பீலி வேலையில் முக்கால்வாசி வாட்டம்தான். மற்றதெல்லாம் காசு கொடுத்தால் கடையில் கிடைக்கும்.

கீழே சொல்வது பெரும்பாலும் பி.வி.சி. பீலிக்கு. கடற்காற்று அடிக்கிற ஊரில் தகரப் பீலிக்கு நான் காசு போடமாட்டேன்.

1. எப்போது தொடங்குவது

திருகோணமலைக்கு ஆண்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே செப்டெம்பர் முடிவதற்குள் பீலி கூரையில் ஏறியிருக்க வேண்டும். ஒக்டோபரில் முதல் இடி முழங்கிய பிறகு பீலி பூட்டும் பாஸ்மாரைப் பிடிப்பது கஷ்டம். பிடித்தாலும் "நாளைக்கு வாறன்" என்ற பதில்தான் வரும். கடையிலும் எல்போ (வளைவுத் துண்டு) இருந்தால் கிளிப் இருக்காது, கிளிப் இருந்தால் மூடி இருக்காது.

ஜூன், ஜூலையில் தென்மேற்குக் கச்சான் காற்று பலமாக இருக்கும். நீளமான பீலியை ஏணியில் நின்று தூக்கும்போது காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகும். அந்த மாதங்களில்தான் செய்ய வேண்டும் என்றால் காலை வேலையாக வையுங்கள். ஆடி மாதத்தில் பலர் வீட்டு வேலை தொடங்க மாட்டார்கள். பீலிக்கு ஆடி ஆவணி பார்க்கத் தேவையில்லை என்பது என் கட்சி. பாஸ்மார் ஓரளவு ஓய்வாக இருப்பதும் அப்போதுதான்.

சாதாரண ஒரு மாடி வீட்டுக்கு இரண்டு நாள் வேலை. ஒட்டியது காய ஒரு நாள், தண்ணீர் ஊற்றிப் பார்க்க ஒரு நாள் என்று மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள்.

2. தண்ணீர் எங்கே போய்ச் சேரும்

பீலியைப் பற்றி யோசிப்பதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். கூரையில் விழும் தண்ணீரை ஒரு மூலைக்குக் கொண்டுவந்துவிட்டு அங்கே விட்டால், முன்பு நாற்பது அடிக்குப் பரவி விழுந்த மழை முழுவதும் அத்திவாரத்தின் ஒரே இடத்தில் இறங்கும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து மணல் வளவுகளில் தண்ணீர் வேகமாக உறிஞ்சப்பட்டாலும் மண்ணை அரித்துக்கொண்டுதான் போகும். உவர்மலை மாதிரி மேட்டுக் காணிகளில் அது நேரே கீழ்வீட்டு மதிலடிக்குப் போகும்.

போகக்கூடிய இடங்கள் மூன்று: வீதிக் கான், சுவரிலிருந்து தள்ளி வெட்டிச் சல்லி போட்ட குழி, அல்லது தொட்டி. மலசலகூடக் குழிக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள். குழாய் பக்கத்தில் இருக்கிறது, இணைத்தால் வேலை முடிந்தது என்று சில பாஸ்மார் சொல்வார்கள். மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்திருக்கும் நேரத்தில் கூரைத் தண்ணீரும் சேர்ந்தால் குழி நிரம்பி வளவுக்குள் வந்துவிடும். பக்கத்தில் கிணறு இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

3. பத்திரங்கள், அனுமதிகள்

ஏற்கெனவே உள்ள வீட்டில் சும்மா பீலி பொருத்துவது பெரிய அனுமதி தேவைப்படும் வேலையல்ல. ஆனாலும் மூன்று விடயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது எல்லை. காணி உறுதியோடு இருக்கும் நில அளவைப் படத்தை எடுத்து, கூரை விளிம்புக்கும் எல்லைக்கும் இடையில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பீலி போட்டால் விளிம்பு ஐந்தாறு அங்குலம் வெளியே போகும். பக்கத்து வளவுக்கு மேலே அது நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உங்கள் தண்ணீர் அவர்கள் பக்கம் விழவும் கூடாது. நகரத்துக்குள் நெருக்கமான ஒழுங்கைகளில் வழக்கு வரைக்கும் போகிற சண்டைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. ஏணி வைக்க அயலவர் வளவு தேவைப்படும் என்றால் முதலே போய்க் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது, வீதிக் கானில் குழாயை விடுவதற்காகக் கானின் ஓரத்தையோ நடைபாதையையோ வெட்ட வேண்டும் என்றால் உங்கள் உள்ளூராட்சி சபையில் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தோடு அடையாள அட்டைப் பிரதி, வரி கட்டிய பற்றுச்சீட்டு, இடத்தைக் காட்டும் ஒரு சின்னப் படம் கொண்டு போனால் இரண்டாம் முறை அலையாமல் தப்பலாம். வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் ஒரு வரி எழுதி வாங்குங்கள். வீட்டை விடும்போது பீலி யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, புதிதாக வீடு கட்டுபவர்களுக்கு. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தில் 2007இல் மழைநீர் சேகரிப்புக்காக ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. உங்கள் கட்டடத்துக்கு அது பொருந்துமா என்று வரைபடம் கீறுபவரிடம் கேட்டு, பீலியையும் தொட்டியையும் வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்கள். கட்டி முடித்த பிறகு சேர்ப்பதைவிட அது மலிவு.

இதோடு ஒன்று: 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி, வளவுக்குள் நுளம்பு பெருக இடம் கொடுத்தால் வழக்குப் போடலாம். சுகாதாரப் பரிசோதகர்கள் டெங்குக் காலத்தில் பீலியையும் எட்டிப் பார்க்கிறார்கள். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். வாட்டமில்லாத பீலி ஒரு மழைக்குப் பிறகு அவ்வளவு நாளும் தண்ணீர் வைத்திருக்கும்.

4. அளப்பது

ஒரு தாளில் கூரையை மேலிருந்து பார்ப்பதுபோல் கீறுங்கள். ஒவ்வொரு விளிம்பின் நீளத்தையும், முகட்டிலிருந்து விளிம்பு வரை தரைமட்டத்தில் எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள்.

ஒரு உதாரணம். முன்பக்க விளிம்பு 40 அடி, முகட்டிலிருந்து 15 அடி. ஆக 600 சதுர அடி, ஏறத்தாழ 56 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். மணிக்கு 100 மில்லிமீற்றர் வேகத்தில் சில நிமிடம் கொட்டுவது எங்கள் மாரியில் புதுமையல்ல. அந்த வேகத்தில் இந்த ஒரு பக்கத்துக் கூரையிலிருந்து மட்டும் நிமிடத்துக்கு 90 லீற்றருக்கு மேல் வரும். அதாவது பத்து லீற்றர் வாளியால் ஒன்பது வாளி, ஒவ்வொரு நிமிடமும். தண்ணீரைக் கீழே இறக்க "ஒரு குழாய் போதும்" என்று சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நான் பின்பற்றும் அளவு: 90 மில்லிமீற்றர் இறங்கு குழாய் ஒன்றுக்கு 400 சதுர அடிக்கு மேல் கூரை வேண்டாம். உதாரண வீட்டுக்கு இரண்டு குழாய் வேண்டும்.

எல்லாப் பக்கமும் போடக் காசு இல்லையா? வடக்கும் கிழக்கும் பார்த்த விளிம்புகளை முதல் போடுங்கள். மாரி மழை வாடைக்காற்றோடு அந்தப் பக்கத்தில்தான் அடிக்கும். மற்றப் பக்கம் அடுத்த வருடம் பார்க்கலாம்.

5. பொருள் வாங்குவது

எஸ்-லோன், அன்டன் போன்ற உள்நாட்டுப் பொருட்கள் ஊரில் கிடைக்கும். எதை எடுத்தாலும் பீலி, கிளிப், ஜொயின்டர், மூடி, அவுட்லெட் (தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் துண்டு) எல்லாம் ஒரே கம்பனியாக இருக்கட்டும். ஒன்றின் வளைவு மற்றதற்குச் சரியாகப் பொருந்தாது. அமத்திப் போட்டால் அன்றைக்குப் பொருந்தும், வெயிலில் விட்டுவிடும்.

நீளக் கணக்கில் காசு வீணாகும் இடம் ஒன்று உண்டு. நான்கு மீற்றர் நீளப் பீலி என்று வைத்துக்கொள்வோம். மூன்று வாங்கினால் 39 அடி 4 அங்குலம். உங்கள் விளிம்பு 40 அடி. மீதி எட்டு அங்குலத்துக்கு நான்காவது பீலி வாங்க வேண்டும் என்று கடையில் சொல்வார்கள். ஆனால் இரண்டு முனையிலும் வரும் அவுட்லெட் துண்டுகளும் நீளம் எடுக்கும். அவற்றைக் கையில் எடுத்து அளந்து பாருங்கள். பல நேரம் மூன்றே போதும்.

கிளிப் இரண்டு அடிக்கு ஒன்று. மூலைக்கும் அவுட்லெட்டுக்கும் இரு பக்கமும் ஆறு அங்குலத்துக்குள் ஒவ்வொன்று. 40 அடிக்கு 25 கணக்கு வையுங்கள். மூன்று அடிக்கு ஒன்று போதும் என்பார்கள், கேட்காதீர்கள். எங்கள் ஊரில் பீலிக்கு எதிரி மழை மட்டுமல்ல, குரங்கு. கூட்டமாக வந்து பீலியில் நடந்து போகும். கிளிப் இடைவெளி கூடினால் அந்த இடம் தொய்யும், தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும், நீங்கள் வைத்த வாட்டம் போய்விடும்.

ஸ்குரூ துருப்பிடிக்காத எவர்சில்வர் ஸ்குரூவாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்குரூ கடற்கரைப் பக்கம் ஓரிரு மாரிக்கே தலை கரைந்துவிடும். வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். நல்ல எவர்சில்வரில் காந்தம் பலமாக ஒட்டாது.

6. கொட்டேஷன்

விலை அடிக்கடி மாறுவதால் இங்கே ரூபாய்க் கணக்கு எழுதுவதில் பயனில்லை. ஆனால் இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது என்ன கேட்க வேண்டும் என்பது மாறாது.

"அடிக்கு இவ்வளவு" என்று சொன்னால், அந்த அடியில் இறங்கு குழாயும் சேர்த்தியா? எல்போ, மூடி, கம், ஸ்குரூ, ஏற்றுக்கூலி? வெட்டி மிஞ்சும் துண்டு யார் கணக்கு? 18 சதவீத வற் வரி உள்ளேயா வெளியேயா? குறைந்த விலை சொன்னவர் பெரும்பாலும் இறங்கு குழாயைத் தனியாகப் போடுவார், கடைசியில் அவர்தான் கூடிய விலைக்காரர்.

என்னைக் கேட்டால் பொருளை நீங்களே வாங்குங்கள், கூலியை மட்டும் பாஸோடு பேசுங்கள். ஒரு பாஸ், ஒரு கையாள், நாட்கூலி, மத்தியானச் சாப்பாடு, தேத்தண்ணி. கொட்டேஷனின் அடியில் இரண்டு வரி எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: "10 அடிக்கு அரை அங்குல வாட்டம்" என்பது ஒன்று, "தண்ணீர் ஊற்றிப் பார்த்த பிறகே மீதிக் காசு" என்பது மற்றது. சரி என்று உடனே சொல்பவரை வைத்துக்கொள்ளலாம். "அதெல்லாம் என்னத்துக்கு அண்ணை, நான் எத்தனை வீடு செய்தனான்" என்பவரை விட்டுவிடுங்கள்.

7. வாட்டம் வைப்பது

பாஸ் செய்யும்போது நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டிய நேரம் இது. மற்ற நேரம் தேத்தண்ணி வைக்கப் போகலாம்.

பத்து அடிக்கு அரை அங்குலம் என்பது மீற்றருக்கு ஏறத்தாழ நான்கு மில்லிமீற்றர். கால் அங்குலம் போதும் என்றும் சொல்வார்கள். தண்ணீர் ஓடும், ஆனால் வேப்பம் பூவும் முருங்கை இலையும் ஓடாது. ஒரு அங்குலம் வைத்தால் கண்ணுக்குக் கோணலாகத் தெரியும், தாழ்ந்த முனையில் கூரைக்கும் பீலிக்கும் இடைவெளி கூடி, காற்றில் தண்ணீர் பின்பக்கம் போகும். அரை அங்குலம் இரண்டுக்கும் நடுவில்.

நீளம் 40 அடி என்றால் ஒரே பக்கம் வாட்டம் வைக்காதீர்கள், மொத்தம் இரண்டு அங்குலம் இறங்கிவிடும். நடுவை உயர்த்தி, இரண்டு பக்கமும் 20 அடி, ஒவ்வொரு முனைக்கும் ஒரு அங்குலம். குழாய் இரண்டும் இரண்டு மூலையில்.

இனி, மட்டம். வலன்ஸ் பலகையை மட்டமென்று நம்பாதீர்கள். ஓட்டு வரிசையையும் நம்பாதீர்கள். பழைய வீடுகளில் கூரை விளிம்பு 40 அடியில் ஒன்று இரண்டு அங்குலம் ஏறி இறங்கியிருப்பது சாதாரணம். சின்ன மட்டப்பலகையை வைத்து அங்கங்கே பார்ப்பதும் சரிவராது, ஒவ்வொரு முறையும் சேரும் சிறு பிழை கடைசியில் பெரிதாகிவிடும். தண்ணீர் நிரப்பிய தெளிவான மட்டக்குழாய்தான் சரி. குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும்.

செய்முறை இப்படி. நடுவில், கூரைச் சீற்றுக்குக் கீழே கிளிப் வரக்கூடிய மிக உயர்ந்த இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். மட்டக்குழாயால் அதே மட்டத்தை இரு முனைக்கும் கொண்டுபோய்க் குறியுங்கள். முனைக் குறிகளிலிருந்து ஒரு அங்குலம் கீழே அளந்து ஆணி அடியுங்கள். நடு ஆணிக்கும் முனை ஆணிக்கும் நைலோன் நூலை இறுக்கிக் கட்டுங்கள், சுண்டினால் அதிர வேண்டும். தொய்ந்த நூல் தொய்ந்த பீலியைத்தான் தரும். பிறகு ஒவ்வொரு கிளிப்பும் நூலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பூட்ட வேண்டும். இரண்டு அடிக்கு ஒரு கிளிப் என்றால் ஒவ்வொன்றும் முந்தையதைவிட இரண்டரை மில்லிமீற்றர் கீழே வரும். கண்ணால் பிடிக்க முடியாத அளவு அது. நூல் இல்லாமல் "எனக்குக் கண் மட்டம் தெரியும்" என்பவரை ஏணியிலிருந்து இறக்கிவிடுங்கள்.

பலகை வளைந்திருக்கும் இடத்தில் கிளிப் நூலுக்கு வெளியே தள்ளும் அல்லது உள்ளே போகும். பின்னால் மெல்லிய துண்டு வைத்து நூலுக்குக் கொண்டுவரலாம். பலகை உக்கியிருந்தால் முதலில் ஓடாவியைக் கூப்பிட்டுப் பலகையை மாற்றுங்கள். உக்கின பலகையில் பூட்டிய கிளிப் முதல் மாரியிலேயே கழன்றுவிடும்.

இன்னும் இரண்டு அளவுகள். சீற் அல்லது ஓடு பீலிக்குள் இரண்டு அங்குலம் நீட்ட வேண்டும், பீலி அகலத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டக் கூடாது. பீலியின் வெளி விளிம்பு சுவர்ப்பக்க விளிம்பைவிடக் கால் அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். என்றைக்காவது அடைத்து நிரம்பினாலும் தண்ணீர் முற்றத்துப் பக்கம் விழும், சுவர் ஊறாது.

8. பூட்டும்போதும் ஒட்டும்போதும்

முதலில் ஆபத்து. பல வீடுகளில் வீதிக் கம்பத்திலிருந்து வரும் மின்சார வயர் கூரை விளிம்பில்தான் பூட்டியிருக்கும். அந்த முனையில் அலுமினிய ஏணி வேண்டாம். வயர் உரிந்திருந்தால் மின்சார சபைக்கு அறிவித்து, அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கம் வேலையைத் தொடாதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீற்றில் துளை போட்டுக் கிளிப் பூட்டவும் விடாதீர்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போகக் கூடாதது. கிளிப் பலகையில்தான்.

வெயிலில் பி.வி.சி. நீளும். நான்கு மீற்றர் பீலி காலைக்கும் உச்சி வெயிலுக்கும் இடையில் எட்டு மில்லிமீற்றர் வரை நீளக்கூடும். அதற்கு இடம் விடாமல் எல்லா மூட்டையும் ஒட்டினால் எங்காவது வெடிக்கும் அல்லது நடு வளையும். விரிவதற்கு இடம் விட்ட ஜொயின்டர் கிடைத்தால் நீண்ட ஓட்டத்துக்கு ஒன்றாவது போடுங்கள். ஸ்குரூவைப் பீலி வழியாக அடிக்காதீர்கள். கிளிப்பைத்தான் பலகையில் பூட்ட வேண்டும், பீலி கிளிப்புக்குள் வழுகிப் போக வேண்டும்.

ஒட்டும் முன் இரண்டு பக்கமும் துடைத்து, மணல்தாளால் லேசாகத் தேய்த்து, கம் பூசி அமத்திப் பிடியுங்கள். ஈரத்தில் ஒட்டாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் விடுங்கள்.

9. தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

இதை இரண்டு தடவை செய்ய வேண்டும். ஒட்டுவதற்கு முன், பீலியைக் கிளிப்பில் சும்மா வைத்து, உயர்ந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மூட்டுகளில் ஒழுகும், அது பரவாயில்லை. தண்ணீர் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நின்ற இடத்துக் கிளிப்பைக் கழற்றி இறக்குங்கள் அல்லது அடுத்ததை ஏற்றுங்கள். ஒட்டிய பிறகு திருத்துவது என்றால் அறுத்துத்தான்.

ஒட்டிக் காய்ந்த பிறகு இரண்டாவது தடவை, இம்முறை தண்ணீர்க் குழாயைப் பீலிக்குள் திறந்துவிட்டு ஒரு கால் மணி நேரம். ஒவ்வொரு மூட்டின் அடியிலும் விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீரை நிறுத்தி அரை மணி கழித்து ஏணியில் ஏறிப் பாருங்கள். ஈரம் இருக்கலாம், குட்டை இருக்கக் கூடாது. மீதிக் காசு இதற்குப் பிறகுதான்.

தொட்டிக்குச் சேர்ப்பவர்கள் முதல் மழையை உள்ளே விடாதீர்கள். கச்சான் காலம் முழுக்கக் கூரையில் படிந்த உப்பும் புழுதியும் காகம் போட்டதும் அதில்தான் வரும். மேலே சொன்ன அளவுக் கூரைக்கு முதல் முப்பது லீற்றரை வெளியே விடும்படி ஒரு திறப்பு வைத்தால் போதும். தொட்டி வாய்க்கு நுளம்பு வலை கட்டாயம்.

10. பிறகு

செப்டெம்பர் கடைசியில் ஒருமுறை, கார்த்திகை நடுவில் ஒருமுறை பீலியைத் துப்புரவு செய்யுங்கள். அவுட்லெட் வாயில் ஒரு கம்பிக் கூடை போட்டால் இலை குழாய்க்குள் இறங்காது. ஆனால் கூடையிலேயே இலை சேர்ந்து அடைக்கும், ஆகவே கூடை போட்டவர்கள் அடிக்கடி பார்க்க வேண்டும். மரம் இல்லாத வளவில் கூடை தேவையில்லை.

கடைசியாக ஒரு சின்னச் செலவு. பொருள் வாங்கும்போதே நாலைந்து கிளிப்பும் ஒரு ஜொயின்டரும் கூடுதலாக வாங்கி, பில்லோடும் உத்தரவாத அட்டையோடும் சேர்த்து ஒரு பையில் கட்டி வையுங்கள். பில்லில் பீலியின் அளவும் கம்பனிப் பெயரும் எழுதியிருக்கிறதா என்று கடையை விட்டு வெளியே வருவதற்கு முன் பாருங்கள். "பீலிச் சாமான்" என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து, விபரமாக எழுதி வாங்குங்கள்.